குடல் அழற்சியும் ஒரு புரத அளவும்

பெருங்குடல் புண் அழற்சியும் குரோன் நோயும் தணிவதும் கிளர்வதுமாக ஆண்டுக்கணக்கில் தொடர்பவை. நோயாளி நலமாக உணரும்போதே குடலின் உட்சுவர் புண்ணாகி வருவதுண்டு. குழாய் செலுத்திக் குடலை நேரில் நோக்குவதே உறுதியான சோதனை. சிற்றூர்களில் அவ்வசதி அரிது. செலவும் மிகுதி.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது, மலத்தில் அளக்கப்படும் கால்புரோடெக்டின் என்னும் புரதம். அழற்சியுற்ற குடற்சுவரில் திரளும் வெள்ளணுக்கள் இதனை வெளியிடுகின்றன. அறை வெப்பத்திலும் சில நாட்கள் சிதையாதாகையால், மாதிரியைத் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்பலாம். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு; 250-ஐத் தாண்டினால் நோய் கிளர்ந்திருப்பதாகக் கருதுவது வழக்கம். 1930-இல் கண்டறியப்பட்ட சி-எதிர்வினைப் புரதம் இரத்தத்தில் அளக்கப்படுவது. பெருங்குடல் புண் அழற்சியில் அது பல வேளைகளில் உயர்வதே இல்லை.

இந்தியாவில் வேறொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோய் குரோன் நோயைப் பெரிதும் ஒத்தது. அதிலும் கால்புரோடெக்டின் உயரும். வலி மாத்திரைகளாலும் உயர்வதுண்டு. அளவு அழற்சியைக் காட்டுமேயன்றி அதன் காரணத்தைக் காட்டாது. காசநோயைக் குரோன் நோயெனக் கொண்டு ஸ்டீராய்டு அளித்தால், கிருமி பரவி உயிருக்கே ஊறு நேரலாம். எனவே இச்சோதனையை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லும் எத்திட்டமும் திசு ஆய்வுக்கும் காசநோய்க் கிருமிச் சோதனைக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும்.