ஆஃப் ஆகாத ஒரு ஸ்விட்ச்: காலரா குடலுக்குள்ள என்ன பண்ணுது?

2022 ஜூலைல காரைக்கால்ல காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க, ஞாபகம் இருக்கா? நம்ம காவிரி டெல்டாவோட கடைமடைதான் அது. நல்லா இருந்த ஆளைச் சில மணி நேரத்துல சாய்க்கிற அளவுக்கு அந்தக் கிருமி என்ன பண்ணுது? குடலைக் கடிச்சுக் குதறுதான்னா, இல்லை. அது விடுற விஷம் ஒரே ஒரு புரதத்துல கை வைக்குது.

அதுதான் ஜி புரதம். ஆல்ஃபா, பீட்டா, காமான்னு மூணு துண்டு, செல் சவ்வோட உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். சும்மா இருக்கும்போது ஆல்ஃபா கையில ரெண்டு பாஸ்பேட் உள்ள ஒரு சின்ன மூலக்கூறு இருக்கும். (சுருக்கப் பேர் சொன்னா ரெண்டும் காதுல ஒரே மாதிரி விழும், அதனால பாஸ்பேட் கணக்குலயே சொல்றேன்.) வெளியில ஒரு ஹார்மோன் வந்து ரிசெப்டர்ல உட்கார்ந்ததும், ஆல்ஃபா அதை விட்டுட்டு மூணு பாஸ்பேட் உள்ளதைப் பிடிக்கும். உடனே மத்த ரெண்டையும் விட்டுப் பிரிஞ்சு, பக்கத்துல இருக்கிற ஒரு என்சைமைத் தட்டி எழுப்பும். அந்த என்சைம் சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும். செல்லுக்குள்ள செய்தி பரவுறது அது வழியாத்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதை நிறுத்துற விதம். ஆல்ஃபாவே அந்த மூணாவது பாஸ்பேட்டை வெட்டிடும். வெட்டினதும் ஆஃப், திரும்பப் போய் பீட்டா-காமாவோட சேர்ந்துக்கும். டைமர் உள்ளேயே இருக்கு.

காலரா விஷம் சரியா அந்த வெட்டுற இடத்துல ஒரு வேதித் துண்டை ஒட்டிவிடுது. டைமர் செத்துடுச்சு. சைக்ளிக் ஏஎம்பி குவிஞ்சுக்கிட்டே போக, குளோரைடு கதவு திறந்தே கிடக்கு. உப்பு குடலுக்குள்ள கொட்ட, தண்ணியும் பின்னாடியே போகுது. கஞ்சி வடிச்ச தண்ணி மாதிரி லிட்டர் கணக்குல வெளியேறுது. கிருமியே இல்லாம, அது விடுற விஷம் மட்டுமே இதுக்குப் போதும்னு 1959ல கல்கத்தாவுல முயல் குடலை வச்சு நிரூபிச்சவர் சம்பு நாத் டே.

ஒட்டின துண்டைப் பிய்க்க மருந்து இல்லை. ஆனா குளுக்கோஸும் சோடியமும் ஜோடியா உள்ளே போற இன்னொரு கதவு இருக்கு; விஷம் அதைத் தொடுறதில்ல. ஜோடி உள்ளே போனா தண்ணியும் கூடவே போகும். ஓஆர்எஸ் அவ்வளவுதான். 1971ல வங்கதேச அகதிகள் தங்கின பங்காவ் முகாம்ல, திலீப் மகலனாபிஸ் டிரம்ல கரைச்சுக் குடுத்தது இதைத்தான். சுமார் 30 சதவீதமா இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே கதவு வழியாத்தான் வேலை செய்யுது, மாவுச்சத்து குடல்ல குளுக்கோஸா உடையும். ஆனா உப்பு கைக்கணக்குல தப்பலாம், பாக்கெட்டே மேல். வாந்தில எதுவுமே உள்ளே தங்கலைன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, டிரிப்ஸ் ஏத்தணும்.