கண்டக்டரின் இதயம்

லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்துகளில் அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கு வேலை. டிரைவர் பணி நேரம் முழுக்க இருக்கையைவிட்டு எழுவதே அபூர்வம். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் போய் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். ஒரே நிறுவனம், ஒரே தெரு, ஒரே புகை. இவர்களில் யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று பார்க்கப் புறப்பட்டார் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர். 35 முதல் 64 வயதுக்குள் இருந்த சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் விவரங்களை அவரது குழு அலசியது. 1953-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் தாமதமாகவே வந்தது, உயிர் போவதும் குறைவு.

ஒல்லியான ஆட்கள்தான் கண்டக்டர் வேலைக்குப் போகிறார்களோ? மாரிஸ் சீருடைக் கணக்கைத் தேடிப் போனார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும், பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டபோதும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு. இதற்குக் காரணம் உண்டு: உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் விரிந்துகொடுக்கிறது. இடுப்பளவு குறையாவிட்டாலும் இந்தப் பலன் உண்டு.

என்னை ஈர்ப்பது வேறொன்று. அந்தக் கண்டக்டர்கள் உடற்பயிற்சிக்காகப் படி ஏறவில்லை. பிழைப்பைப் பார்த்தார்கள், உடம்பு தானாகத் தேறியது. நகரத்தாலும் நமக்கு இதைச் செய்துதர முடியும். அமெரிக்காவில் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் நிறுத்தத்துக்குப் போய்வர மட்டும் நாளுக்குச் சுமார் 19 நிமிடம் நடப்பதாக 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாரத்துக்கு 150 நிமிட உடலியக்கம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் பெரும்பங்கு அதிலேயே தேறிவிடும். வாசலில் கிளம்பி வாசலில் இறக்கும் காருக்கும் பைக்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

தமிழ்நாட்டில் 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் வந்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடையிலான பாதைதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது: டிரான்ஸ்ஃபார்மர், வரிசையாக நிற்கும் பைக்குகள், மூடி பெயர்ந்த வாய்க்கால். நடைபாதைக்குச் செலவிடுவது மருத்துவச் செலவுதான். முழங்கால் வலியுள்ள பெரியவர் இந்தத் தடைகளைத் தாண்ட முடியாமல் மகனின் பைக்கில் ஏறிக்கொள்கிறார். மாத்திரை வீட்டுக்கு வருகிறது, நடை கிடைப்பதில்லை.