அந்தியில் பறப்பது எந்த வௌவால்?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் ஏரிக்கரைகளிலும் சாலை விளக்குகளைச் சுற்றியும் பொழுது சாயும்போது வௌவால்களைக் காணலாம். அளவு, முகம், பறக்கும் விதம் ஆகிய மூன்றையும் கவனியுங்கள்.

இந்தியப் பழந்தின்னி வௌவால்
சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் அகலம். நரி போன்ற முகம், பெரிய கண்கள், செம்பழுப்புக் கழுத்து. பகலில் ஆல், அரசு, புளிய மரங்களில் கூட்டமாகத் தொங்கும். அந்தியில் நிதானமாகச் சிறகடித்து உயரே செல்லும்.

குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்
காது ஓரமும் விரல் எலும்புகளும் வெளிர் நிறம். பனையோலைக்கு அடியிலும், நெட்டிலிங்கத் தழையைக் கடித்து அமைத்த கூடாரத்திலும் தங்கும். 1797இல் தரங்கம்பாடி மாதிரியைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

பூச்சியுண்ணும் சிறு வௌவால்
உடல் கட்டைவிரல் அளவே. விளக்கைச் சுற்றி விரைந்து வளைந்து பறந்து பூச்சிகளைப் பிடிக்கும். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையை அறியும். இவற்றின் இனங்களைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். மீயொலிப் பதிவுக் கருவி உதவும்.

பழந்தின்னி வௌவால்கள் மகரந்தத்தையும் விதைகளையும் பரப்பி மரங்களைப் பெருக்குகின்றன. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. காஞ்சிபுரம் அருகே விஷார் கிராம மக்கள் வௌவால்களுக்காகத் தீபாவளிப் பட்டாசைத் தவிர்த்து வருகிறார்கள்.

தங்குமரத்தின் கீழ் ஓசை எழுப்பாதீர்கள். தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.