ராத்திரி லோடு – 7: கண் திறந்தபடி வரும் தூக்கம்

ஆனைக்குட்டம் வட்டாரத்தில் பட்டாசு ஏற்றுகிற லாரி, விருதுநகரில் நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத் என்று வடக்கே போய்க்கொண்டே இருக்கும். தீபாவளி நெருங்கினால் ஓய்வு சுருங்கும். “கண்ணு செருகுதாண்ணே?” என்று கிளீனர் கேட்டால், டிரைவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “சமாளிச்சிரலாம்டா.”

சமாளிக்க முடியாது. இதை மூளையே எழுதிக் காட்டியிருக்கிறது.

ஜெர்மனியின் யேனா நகரில் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். விழிப்போடு வேலை பார்க்கும்போது அலைகள் வேகமாகவும் சிறிதாகவும் துடிக்கும். அசதி ஏற ஏற, விநாடிக்கு 8 முதல் 13 துடிப்புள்ள ஆல்ஃபா அலைகள் தலைகாட்டும். பிறகு இன்னும் மெதுவான தீட்டா, 4 முதல் 7 வரை. அது தூக்கத்தின் வாசல்.

ஸ்வீடனில் டார்ஸ்வாலும் ஆக்கர்ஸ்டெட்டும் 11 ரயில் ஓட்டுநர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, பகலிலும் இரவிலும் ரயிலை ஓட்டச் சொன்னார்கள். ஆய்வு வெளிவந்தது 1987-இல். இரவில் கண் அசந்ததை நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் சிக்னலையே தவறவிட்டார்கள். அந்த நேரத்தில் ஆல்ஃபா அலைகள் பெரிதாகப் பொங்கியிருந்தன. வேலை தெரிந்தவர்கள், சோதனை நடப்பதும் தெரிந்தவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி, 4 விநாடிக் குட்டித் தூக்கத்தில் 66 மீட்டரைக் கடந்துவிடும். அந்த 66 மீட்டருக்கு ஸ்டீயரிங்கில் ஆளில்லை, பின்னால் இருப்பதோ வெடிமருந்து. டீயும் முகம் கழுவுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

அப்படியானால் எல்லா டிரைவர் தலையிலும் இந்தக் கருவியை மாட்டிவிடலாமே? மூளை அலையின் பலம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்குதான். கண் இமைத்தாலும், பாக்கு மென்றாலும், வண்டி குலுங்கினாலும் பதிவு கலங்கிப்போகும். அதனால்தான் வாகன நிறுவனங்கள் இமை மூடும் நேரத்தைப் பார்க்கும் கேமராவுக்குப் போயின. அது வரட்டும், நல்லதுதான். ஆனால் தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கேமராவுக்குத் தெரியும். தூங்க இடமும் நேரமும் தருவது மனிதர்கள் கையில் இருக்கிறது.

1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. மூளை அலையைப் பார்க்காமலே எழுதிய சரியான கணக்கு அது. ராத்திரி லோடில் அதைக் கடைப்பிடிக்காமல், விபத்துக்குப் பிறகு “டிரைவர் தூங்கிட்டான்” என்று முடிப்பது அநியாயம்.

லோடு அனுப்பும் முதலாளிகளுக்கும் வாங்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தூர லோடு என்றால் இரண்டாவது டிரைவரைக் கட்டாயம் அனுப்புங்கள், அவருக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள். ராத்திரி 3 மணிக்கு “எங்க வந்துட்டிருக்க?” என்று போன் போடாதீர்கள்.

(தொடரும்)