சிசு இறப்பு விகித மறைமுக மதிப்பீட்டில் மாதிரித் தேர்வு

சிசு இறப்பு விகிதம் என்பது உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கை ஆகும். பிறப்பு, இறப்புப் பதிவுகள் முழுமையாக இல்லாத நாடுகளில் இதனை மறைமுக முறையில் மதிப்பிடுகின்றனர்.

மதிப்பிடும் முறை

இம்முறையை 1960களில் பிரித்தானிய மக்கள்தொகையியலாளர் வில்லியம் பிராஸ் உருவாக்கினார். பெண்களிடம் இரண்டு செய்திகள் கேட்கப்படுகின்றன: உயிருடன் பெற்ற குழந்தைகள் எத்தனை, அவர்களில் இன்று உயிருடன் இருப்போர் எத்தனை. 20–24 வயதுத் தாய்மாரின் விடைகளிலிருந்து 2 வயதுக்குள்ளும், 25–29 வயதினரிடமிருந்து 3 வயதுக்குள்ளும், 30–34 வயதினரிடமிருந்து 5 வயதுக்குள்ளும் இறக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு வயதுக்குரிய விடை 15–19 வயதினரிடமிருந்து வருகிறது. ஆனால் மிக இளம் தாய்மாரின் குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு பொதுவாகவே அதிகம் என்பதால், அதனை நாடு முழுவதற்கும் பொருத்த இயலாது. எனவே பிற வயதுகளுக்கான அளவுகளிலிருந்தே சிசு இறப்பைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு மாதிரி வாழ்க்கை அட்டவணை தேவைப்படுகிறது.

மாதிரிகள்

ஆன்சிலி கோல், பால் டெமெனி ஆகியோர் 1966இல் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வகை அட்டவணைகளை வெளியிட்டனர். ஐக்கிய நாடுகள் அவை 1982இல் வளரும் நாடுகளுக்கென ஐந்து வகைகளை வெளியிட்டது. அவற்றுள் தெற்காசிய வகையும் ஒன்று.

ஐந்து வயதுக்குள் நிகழும் இறப்புகள் சம அளவில் இருந்தாலும், வடக்கு மாதிரியில் அவற்றுள் முதலாண்டின் பங்கு குறைவு. கிழக்கு மாதிரியில் அதிகம். எனவே ஒரே விடைகளிலிருந்து இரு வேறு சிசு இறப்பு விகிதங்கள் பெறப்படலாம். ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதமோ மாதிரியால் அவ்வளவாக மாறுவதில்லை.

தேர்வு

முழுமையான பிறப்பு வரலாற்று ஆய்வு இருந்தால், ஒரு வயதுக்குள் நிகழும் இறப்பையும் 1–4 வயது இறப்பையும் ஒப்பிட்டு, அவ்விகிதத்துக்கு நெருங்கிய மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். அத்தகைய தரவு இல்லாதபோது மேற்கு மாதிரியைப் பயன்படுத்துவது வழக்கம். எனினும் அது எங்கும் பொருந்தாது. செனகல் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மலேரியா, தட்டம்மை போன்ற நோய்களால் 1–4 வயது இறப்பு மிக அதிகமாக இருந்தது. அங்கு மேற்கு மாதிரியைப் பயன்படுத்தினால் சிசு இறப்பு மிகையாகவும், 1–4 வயது இறப்பு குறைவாகவும் தோன்றும்.

முக்கியத்துவம்

மகப்பேற்றுப் பராமரிப்புக்கு முதலிடமா, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் மலேரியாத் தடுப்புக்கும் முதலிடமா என்ற முடிவு இப்பகிர்வைச் சார்ந்தது. மேலும், இரு கணக்கெடுப்புகளுக்கு வெவ்வேறு மாதிரிகளைப் பயன்படுத்தினால், உண்மையில் நிகழாத முன்னேற்றமோ சரிவோ தோன்றக்கூடும். எனவே மதிப்பீட்டுடன் மாதிரியின் பெயரையும் குறிப்பிடுதல் அவசியம்.