மறுபடி வெட்ட முடியாத கல்

தனுஷ்கோடியில் ஆங்கிலேயர் காலத்துத் தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலுக்குப் பிறகு மிஞ்சியவை பக்கச் சுவர்களும் பலிபீடம் இருந்த பகுதியும்தான். அருகில் ரயில் நிலையம், தபால் நிலையம் ஆகியவற்றின் துண்டுச் சுவர்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக வளர்ந்த ஊர் இவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

தேவாலயம் பவளக்கல்லால் கட்டப்பட்டது. மணல் திட்டான இந்த முனையில் வேறு கல் கிடையாது. எனவே கடலில் பவளப் பாறையை வெட்டி, காயவைத்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கினார்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் பவள உயிர்கள் வாழ்ந்த சிறு குழிகள் இன்றும் தெரிகின்றன. லேசான கல், ஆனால் உள்ளே முழுக்கத் துளைகள்.

ஆபத்து அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மீனவர்கள் பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணை, மறுபக்கம் ஆண் கடலான மன்னார் வளைகுடா. வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி உப்புத் திவலையைச் சுவரில் அடிக்கின்றன. வெயிலில் நீர் போய், உப்பு உள்ளேயே படிகமாகிப் பருக்கிறது. ஒவ்வொரு முறையும் கல்லின் மேல்தோல் பொடியாக உதிர்கிறது. புயல் ஒரே இரவில் கூரையைக் கொண்டுபோனது. உப்பு அறுபது ஆண்டுகளாகச் சுவரைத் தின்கிறது. அந்தமானில் முன்பு ராஸ் தீவு எனப்பட்ட தீவில் இடிந்த தேவாலயத்தை மரவேர்களாவது பின்னிப் பிடித்திருக்கின்றன. இங்கே அந்தத் துணையும் இல்லை.

விழுந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடைக்காது என்பதுதான் பெரிய கவலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போனதற்கு அளவில்லாமல் பவளம் வெட்டியது முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டுவது குற்றம், குற்றமாகவே இருக்கவும் வேண்டும். ஆகவே நிற்கும் சுவரிலிருந்து போகும் ஒவ்வொரு துண்டும் நிரந்தர இழப்பு.

2017இல் தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. முன்பு மணலில் வேனில் குலுங்கிப் போனவர்கள் இன்று நேராகக் காரிலேயே போய் இறங்குகிறார்கள். படம் எடுக்கச் சுவரில் ஏறுவதும், பெயரைக் கீறுவதும், துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் இந்தக் கல்லுக்குத் தாங்காது. இடிபாடு இயல்பாக அழியட்டும், குடிசைகளில் வாழும் மீனவர்களின் தேவையே முதலில் என்ற கருத்தும் உண்டு.

ஆனால் சுவரைக் காப்பதென்று முடிவெடுத்தால், அதற்குச் சிமென்ட் உதவாது. அது கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியேவிடாமல் உப்பைப் பக்கத்துக் கல்லுக்குள் தள்ளிவிடும். விழுந்த கற்களை வளாகத்திலேயே சேர்த்து எண்ணிட்டு வைக்க வேண்டும். இளகிய இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைத்து, ஈரச்சாக்கு போட்டு மெதுவாக இறுகவிட வேண்டும். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் வரும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு ஏற்ற காலம்.