உதைக்காமலே திறக்கும் டிக்கி

இரண்டு கையிலும் மளிகைப் பை, சாவி பேன்ட் பாக்கெட்டில். பின் பம்பருக்கு அடியில் காலை ஒரு முறை நீட்டி இழுத்தால் போதும், எஸ்யூவியின் டிக்கிக் கதவு மெல்ல மேலே எழும்பும். 2012-இல் ஃபோர்டு தன் புதிய எஸ்கேப் வண்டியில் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. இன்று பல ஷோரூம்களில் விற்பனையாளர் ஆசையாகச் செய்துகாட்டும் வித்தை இது. அதில் மயங்கி வாங்கியவர்களில் சிலர் கொஞ்ச நாளில் ஒரு விசித்திரமான புகாரோடு வருகிறார்கள். உதைத்தால் திறக்கவில்லை என்பதல்ல புகார், உதைக்காமலே திறக்கிறது. வண்டியைக் கழுவும்போது திறக்கிறது, அடைமழையில் திறக்கிறது, சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலிருந்து தானாக இறங்குகிறது.

"சென்சார் ரொம்ப சென்சிட்டிவ்வா இருக்கு சார், மாத்திடலாம்" என்பது சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் சுலபமான பதில். அந்தப் பதிலுக்குத் தலையாட்டுவதற்கு முன், அந்த சென்சார் உண்மையில் எதை உணர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது காலை உணர்வதே இல்லை.

பின் பம்பரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் கேமராவோ லேசரோ கிடையாது. பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் கிளிப் போட்டுப் பொருத்திய இரண்டு நீளமான ஒயர்கள் அல்லது பட்டைகள். ஒன்று நம் கணைக்கால் உயரத்தில் ஓடுகிறது, மற்றது பம்பரின் அடி விளிம்பில். இரண்டும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டியில் போய் முடிகின்றன. அவ்வளவுதான்.

பள்ளியில் மின்தேக்கி படித்தது நினைவிருக்கும்: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடத்தாத பொருள். இங்கே ஒரு தகடு பம்பருக்குள் இருக்கிறது. இன்னொரு தகடாக வண்டியின் இரும்பு உடம்பும், தரையும், பக்கத்தில் வந்து நிற்கும் நாமும் சேர்ந்துகொள்கிறோம். கால் நெருங்க நெருங்க மின்தேக்குத்திறன் கூடுகிறது. எவ்வளவு? ஒரு பிக்கோஃபாரட், பல சமயம் அதற்கும் கீழே. ஒரு ஃபாரட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோஃபாரட். இத்தனை சிறிய மாற்றத்தை, அதைவிடப் பல மடங்கு பெரிதாக எப்போதும் இருந்துகொண்டிருக்கும் மின்தேக்குத்திறனுக்கு நடுவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

ஷூ போட்டிருந்தால் தெரியுமா, வெறுங்காலுக்கும் ஹவாய் செருப்புக்கும் வித்தியாசம் உண்டா என்று பலர் கேட்பார்கள். அதிகம் இல்லை. நம் உடம்புக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கிறது. மின்னணுப் பொருள்களை நிலைமின்சாரத்துக்குச் சோதிக்கிற ஆய்வகங்களில் மனிதனுக்குப் பதிலாக வைக்கும் மின்தேக்கியின் மதிப்பும் இதே 100தான். இரண்டு மின்தேக்கிகள் தொடராக இணைந்தால் சிறியதன் சொல்தான் எடுபடும். பம்பருக்கும் காலுக்கும் இடையே உள்ளது மிகச் சிறியது, காலுக்கும் பூமிக்கும் இடையே உள்ளது பெரியது. ஆகவே செருப்பின் தடிமன் கணக்கில் அதிகம் வருவதில்லை.

உடம்பே ஒரு மின்தேக்கியின் பாதியாக முடியும் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் காதால் கேட்டார். ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரில், அப்ராம் யோஃப்பேயின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த லியோன் தெரமின், வாயுக்களின் மின்பண்பை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அளவைக் காதால் கேட்டறிய ஓர் ஒலியையும் சேர்த்தார். கை அருகே போனால் அந்த ஒலியின் சுருதி மாறியது. வேறொருவராக இருந்தால் தொல்லை என்று கையைத் தள்ளி வைத்திருப்பார். தெரமின் செல்லோ வாசிப்பவர். தொடாமலே வாசிக்கிற இசைக்கருவி ஒன்று 1920 வாக்கில் பிறந்தது, 1928-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. ஆள் நெருங்கினால் எச்சரிக்கும் காவல் கருவியையும் அவர் அதே தத்துவத்தில் செய்தார். டிக்கி சென்சார் அந்தக் காவல் கருவியின் பேரப்பிள்ளை.

இனி தொல்லையின் வேருக்கு வருவோம். மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கு விடுதிறன் என்று ஓர் அளவு உண்டு. காற்றுக்கு அது 1 என்றால், பிளாஸ்டிக்குகளுக்கு 2, 3 என்று வரும். தண்ணீருக்குச் சுமார் 80. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பம்பருக்குள் இருக்கும் ஒயருக்கு நம் கால் எப்படித் தெரிகிறது என்றால், பூமியோடு தொடர்புள்ள ஏதோ ஒரு ஈரமான பொருள் வந்திருக்கிறது என்றுதான். மழைத் தண்ணீரும் அப்படித்தான் தெரியும். இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கி டச் பட்டன் மேல் வழிந்தால் அடுப்பு கத்திவிட்டு அணைந்துபோவதும், மழைத்துளி பட்ட போன் திரை தன் இஷ்டத்துக்கு எதையாவது திறப்பதும் இதே காரணத்தால். மூன்றிலும் வேலை செய்வது ஒரே இயற்பியல்.

அப்படியானால் ஒவ்வொரு தூறலுக்கும் டிக்கி திறக்க வேண்டுமே? திறக்காமல் காப்பது மென்பொருள். அது முதலில் தன் சாதாரண நிலையைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. வெயில் ஏறுகிறது, பனி படிகிறது, பம்பரில் சேறு ஒட்டுகிறது. இவையெல்லாம் மெதுவான மாற்றங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவு எக்ஸ்பிரஸுக்கு விழிக்க மாட்டார், அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தால் விழித்துக்கொள்வார். இதுவும் அப்படி, திடீர் மாற்றத்துக்குத்தான் அசையும். அடுத்து, இரண்டு ஒயரும் சாட்சி சொல்ல வேண்டும். கணைக்கால் மேல் ஒயரை நெருங்க வேண்டும், பாதம் கீழ் ஒயருக்கு அடியில் போய் வர வேண்டும். பூனை நுழைந்தால் கீழ் ஒயருக்கு மட்டும் தெரியும், ஆள் பம்பரில் சாய்ந்தால் மேல் ஒயருக்கு மட்டும் தெரியும். கடைசியாக நேரம். காலை உள்ளே விட்டு உடனே இழுக்கிற அசைவு ஏறக்குறைய ஒரு நொடியில் ஏறி இறங்க வேண்டும். காலைப் பக்கவாட்டில் துழாவாமல் நேராக நீட்டி இழுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது வாட்டர் வாஷ் கடைக்குப் போய் நின்று பாருங்கள். பையன் கையில் பிரஷர் கன். பின் கண்ணாடியில் தொடங்கி, கதவு வழியாக, பம்பரின் மேலிருந்து அடி விளிம்புவரை ஒரே வீச்சில் தண்ணீரை இறக்கிவிட்டு அடுத்த பக்கம் திரும்புகிறான். மேல் ஒயரில் திடீரென்று ஓர் ஏற்றம், அடுத்த கணம் கீழ் ஒயரில் ஏற்றம், ஒரு நொடிக்குள் இரண்டும் இறக்கம். இதைவிட அழகாக எந்தக் காலும் உதைக்க முடியாது. வண்டிக்காரர் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டு நிற்கிறார், சாவி அவர் பாக்கெட்டில். கதவு எழும்புகிறது, அடுத்த வீச்சுத் தண்ணீர் டிக்கிக்குள் போகிறது. சென்சாரில் கோளாறு இல்லை. கழுவும்போது சாவியைப் பின் பம்பரிலிருந்து தள்ளி வைக்கும்படி பல வண்டிகளின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

சாவி இல்லாமல் எதுவும் நடக்காது என்பதால் அதையும் பார்க்க வேண்டும். ஒயர்கள் ஏதோ அசைவு கண்டதாகச் சொன்னவுடன், பம்பர் பக்கத்திலுள்ள ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் சாவியைக் கூப்பிடுகிறது. இந்த அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர். ஒரு மீட்டர் தூரத்தில் இது வானொலி அலைபோல் பரவுவதில்லை, காந்தப்புலமாகவே நிற்கிறது. தூரம் இரட்டித்தால் வலிமை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் பின்னால் ஒன்று ஒன்றரை மீட்டருக்குள் மட்டும் என்று எல்லை கட்ட முடிகிறது. ஆனால் இந்தப் புலம் செங்கல் சுவரை மதிக்காது. பின்புறம் சுவரை ஒட்டி வண்டி நிற்க, அந்தச் சுவருக்கு உள்பக்கம் ஆணியில் சாவி தொங்கினால், வண்டியைப் பொறுத்தவரை உரிமையாளர் பின்னால்தான் நிற்கிறார். ஷெட் கூரையிலிருந்து பம்பர் மேல் தண்ணீர் கொட்டினால் மிச்ச வேலை முடிந்தது. இன்னொரு சாவி டிக்கியிலுள்ள பையில் மறந்துகிடப்பதும் உண்டு. வண்டிக்குள் இருக்கும் சாவியை ஒதுக்கிவிடத்தான் மென்பொருள் பார்க்கும். பின் ஓரத்தில் கிடந்தால் அது தடுமாறலாம்.

ஹூண்டாய், கியா வண்டிகள் சிலவற்றில் உதையே கிடையாது. சாவியோடு பின்னால் மூன்று நொடி நின்றாலே திறந்துவிடும், அதற்கு முன் விளக்கு சிமிட்டி ஒலி கொடுத்து எச்சரிக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று அரட்டை அடிப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. அதன் கோளாறு சாவியின் கோளாறு, ஒயரின் கோளாறு அல்ல.

ஆக, எங்கிருந்து தொடங்குவது? சாவிகள் எல்லாவற்றையும் வண்டியிலிருந்து பல மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, வண்டியைப் பூட்டிய நிலையில் விடுங்கள். அப்போதும் டிக்கி திறந்தால் உதை சென்சார் நிரபராதி. அதைவிட உறுதியான சோதனை, செட்டிங்ஸில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ எனப்படும் இந்த உதை வசதியை அணைப்பது, அல்லது மெக்கானிக்கிடம் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிடச் சொல்வது. அதற்குப் பிறகும் திறந்தால் தேட வேண்டிய இடம் கதவின் வெளிக் கைப்பிடியில் இருக்கும் பொத்தான். அதை மூடியிருக்கும் ரப்பர் வெயிலில் வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கி, தொடுப்புகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். மழைநாளில் மட்டும் வரும் என்பதால் பழி பம்பர் சென்சார் மேல் விழுகிறது. இன்னோர் இடம் கதவு கீலுக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாய். அதற்குள் ஓடும் ஒயர்கள் ஒவ்வொரு முறை கதவு ஏறி இறங்கும்போதும் வளைகின்றன. வருடக்கணக்கில் வளைந்து மேலுறை வெடித்தால் ஒன்றோடொன்று உரசும். ஐம்பது ரூபாய் டேப்பும் ஒரு மணி நேரப் பொறுமையும் தீர்க்கக்கூடிய கோளாறு, பம்பரைக் கழற்றும் பில்லாக மாறுவது இப்படித்தான்.

சென்சாரைக் கழற்றியதும் தொல்லை நின்றுவிட்டதா? அப்போதும் புது சென்சாருக்கு அவசரமில்லை. பம்பரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த சேறும் சருகும் அங்கே தங்கியிருந்தால், மழையில் அவை தண்ணீரைப் பிடித்து வைத்து ஒயருக்கும் வண்டி உடம்புக்கும் இடையே ஈரப் பாலம் போட்டுவிடும். அழுக்குத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கடலோர ஊர்களிலும் உப்புநீரில் கழுவும் இடங்களிலும் இது கூடுதல். சுத்தமாகக் கழுவித் துடைத்தாலே அடங்கிவிடக்கூடும்.

பம்பர் ஒரு முறை இடிபட்டு வேலை பார்த்த வண்டி என்றால் சந்தேகம் வேறு. கிளிப்பில் சரியாக உட்காராத ஒயர், வண்டி ஆடும்போதும் காற்றடிக்கும்போதும் தானும் ஆடும். ஒயர் நகர்ந்தாலும் கால் நகர்ந்தாலும் பெட்டிக்கு ஒன்றுதான். இரும்புக் கார்டு, குரோம் பட்டை, வெளியில் வாங்கி ஓட்டை போட்டுப் பொருத்திய ரிவர்ஸ் சென்சார் எல்லாமே மின்புலத்தின் வடிவத்தை மாற்றிவிடும். (கிராஷ் கார்டுகளை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளின் உயிருக்காகச் சொன்னது அது. உங்கள் டிக்கிக்கும் நல்லதுதான்.) இவை எதுவும் இல்லை என்றால்தான் ஸ்கேனர் போட்டு, இரண்டு ஒயர்களின் அளவும் சும்மா இருக்கும்போது நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் இணைப்பில் துரு, மென்பொருளின் புதுப் பதிப்பு ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு கடைசியாக வருவதே சென்சார் மாற்றம்.

கூர்மையைக் கொஞ்சம் குறைக்க ஒரு திருகு இருக்கக்கூடாதா என்று கேட்பது நியாயம்தான். பெரும்பாலான வண்டிகளில் உரிமையாளருக்குக் கிடைப்பது அணைப்பதும் போடுவதும் மட்டுமே. வரம்பை உயர்த்தினால் தண்ணீருக்குத் திறக்காது. கூடவே, கை நிறையப் பையோடு நிற்பவர் நாலு முறை உதைத்தாலும் திறக்காது. இரண்டு தவறில் எது தேவலை என்பதை நிறுவனம் முன்கூட்டியே தீர்மானித்து அனுப்புகிறது. அந்தச் சங்கடத்தால்தான் சில நிறுவனங்கள் ஒயரை விட்டுவிட்டு ரேடார் பக்கம் போகத் தொடங்கியிருக்கின்றன. ரேடாரால் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து அளக்க முடியும்.

பொருளாதார நஷ்டத்தைவிட எனக்குக் கவலை தரும் இடம் ஒன்று உண்டு. கதவு திறந்திருக்கிறது, ஒருவர் குனிந்து பெட்டிகளை அடுக்குகிறார். முழங்கால் பம்பரில் படுகிறது, பாதம் அடியில் போய் வருகிறது. அவர் அறியாமலே மூடும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். கதவு எதிலாவது இடித்தால் நின்று மேலே திரும்பும் பாதுகாப்பு இருக்கிறதுதான். ஆனால் இடித்த பிறகுதான் அது நிற்கும், இடிபடுவது தலையாகவும் இருக்கலாம். குழந்தைகள் டிக்கியில் ஏறி விளையாடும் வீடுகளில் இதை மறக்கக்கூடாது.

வாட்டர் வாஷுக்கு விடும்போதும், வீடு மாற்றச் சாமான் ஏற்றும்போதும் செட்டிங்ஸில் போய் ஹேண்ட்ஸ்-ஃப்ரீயை அணைத்துவிடுங்கள். கதவிலுள்ள பொத்தானும் சாவியிலுள்ள பொத்தானும் வழக்கம்போல் வேலை செய்யும். சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், கனெக்டரைக் கழற்றிச் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.